மூன்று விரல் இடைவெளி

அத்தியாயம் 6

“செத்துப்போனவன் எழுந்து வந்து ஸ்பீக்கர் பெட்டி செய்ய மாட்டான். இல்லையா சார்?”

பெட்டிக்காரர் இதைக் கேட்டது என் பாஸிடம். பதில் சொன்னது நான். எங்கள் துப்பறியும் ஆபீஸில் வேலைப் பிரிவினை அப்படி. யோசிப்பது அவர், பேசுவது நான்.

“செய்ய மாட்டான் ஐயா. உயிரோட இருக்கிறவங்களே சொன்ன தேதிக்குச் செஞ்சு தர்றதில்லை.”

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலும் அவர் இல்லை. எதிரே மேஜையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதன் தலைமேல் ஒரு கையை வைத்தபடியே நின்றார். எடுத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தவர் மாதிரி இருந்தது.

பாஸை ஊரே ‘கண்ணாடி’ என்றுதான் கூப்பிடும். யோசிக்கும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையால் துடைப்பார். கஷ்டமான கேஸ் வந்தால் சட்டையே நைந்துபோகும். எனக்கு அவர் வைத்த பெயர் ‘வாயாடி’. என்னைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு ஞாபகம் இருக்குமா என்பதே சந்தேகம்.

நாங்கள் நின்ற இடம் பெட்டிக்காரர் வீட்டின் பின்னறை. தரை முழுக்க மரத்தூள். சுவரோரம் ப்ளைவுட் பலகைகள் சாய்ந்து நின்றன. மூலையில் வயிறு பிளந்த பழைய டிவிகள் குவிந்து கிடந்தன. அவற்றிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்கள் பிஸ்கட் டின்களில் ரகம் ரகமாக அடுக்கியிருந்தன. பசை வாசனை மூக்கைத் துளைத்தது.

“எல்லாமே குப்பைக்குப் போன ஸ்பீக்கர்” என்றார் பெட்டிக்காரர். “யாரும் சீண்ட மாட்டாங்க. நான் அதுக்கு ஒரு பெட்டி செஞ்சு உள்ளே உட்கார வச்சா, காசு கொடுத்து வாங்கினதெல்லாம் தோத்துடும். ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்லைங்க. பெட்டிதான் எல்லாம். என் பையனுக்கும் அதைத்தான் கத்துக்கொடுத்தேன்.”

பையன் வீட்டை விட்டுப் போய்ச் சில வருஷம் ஆகிறது. அதையும் அவரே சொன்னார். பையன் செய்த ஒரு பெட்டி சரியாகப் பாடவில்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேர் நிற்கும்போதே இவர் சுத்தியலை எடுத்து அதை உடைத்தார். ‘உனக்குக் காதே கிடையாதுடா’ என்றும் சொன்னார். அவன் உடைந்த பலகைகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்கிவைத்துவிட்டு வெளியே போனான். அதோடு சரி.

“சொந்தக்காரங்க எல்லாரும் அவன் இருக்க மாட்டான்னே முடிவு பண்ணிட்டாங்க சார். இருந்தா வராம இருப்பானான்னு கேக்குறாங்க. அவன் அம்மாவும் அதே கவலையில போய்ச் சேர்ந்தா. நான் ஒருத்தன்தான் இருக்கான்னு சொல்லிட்டிருக்கேன். போன வாரம் முடி வெட்டப் போன இடத்துல இது தொங்கிட்டிருந்துச்சு.”

பெட்டியைத் திருப்பிக் காட்டினார். பின்பலகைக்கும் பெட்டிக்கும் நடுவில், சுற்றிலும் ஒரு மரப்பட்டை ஒட்டியிருந்தது. கண்ணாடிக்குச் சட்டம் போட்ட மாதிரி.

“இந்தப் பட்டையை உலகத்துல ரெண்டே பேர்தான் ஒட்டுவோம். நானும் அவனும். ஒரு தடவை பலகையைக் குட்டையா அறுத்துட்டேன். ஸ்பீக்கரோட காந்தம் பின்பலகையில போய் இடிச்சுது. பலகையைத் தூக்கிப் போட மனசு வரலை. இடைவெளிக்காக ஒரு பட்டையை வச்சு ஒட்டினேன். கேட்டா சத்தம் அமைஞ்சு வந்துச்சு. அன்னியிலேர்ந்து அதே அளவு, அதே பட்டை. வேற எவனும் இந்தக் கிறுக்குத்தனம் பண்ண மாட்டான்.”

“சலூன்காரர் என்ன சொன்னார்?”

“பழைய சாமான் கடையில வாங்கினாராம். அந்தக் கடைக்காரன் யார் கொடுத்தான்னே ஞாபகம் இல்லைங்கிறான். நான் ஒரு புதுப் பெட்டியை மாட்டிவிட்டுட்டு இதைக் கழட்டிட்டு வந்தேன். பெயிண்ட் இன்னும் காயாத மாதிரி இருக்கு பாருங்க. ரொம்ப நாள் ஆகலை.”

“போட்டுக் காட்டுங்க” என்றார் பாஸ். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை.

பெட்டிக்காரர் ரேடியோவில் ஒயரைச் சொருகினார். யாரோ பாடினார்கள். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“கொஞ்சம் தொம்முதொம்முனு இருக்கு. அடிச்சத்தம் கூடிப்போச்சு. பரவாயில்லை. கை விட்டுப்போயிருக்கும் அவனுக்கு. பரவாயில்லை.”

சத்தம் சரியில்லை என்று பெட்டியைச் சுத்தியலால் உடைத்த மனிதர் இரண்டு தடவை ‘பரவாயில்லை’ என்றார். பேச்சை மாற்ற டீ கேட்டேன். அவர் உள்ளே போனார்.

போனதும் பாஸ் வேலையை ஆரம்பித்தார். பெட்டிக்காரர் செய்து வைத்திருந்த ஒரு பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, காந்தத்துக்கும் பின்பலகைக்கும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று பட்டை ஓரமாக விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல். இன்னொரு பெட்டியிலும் பார்த்தார். அங்கேயும் ஒரே விரல். அப்புறம் சலூன் பெட்டியைக் கழற்றி அதே மாதிரி பார்த்தார். ஒரு விரல் தாராளமாக நுழைந்தது. இரண்டாவதைச் சேர்த்தார். மூன்றாவதும் நுழைந்தது.

“சார், பெட்டிக்கு நாடி பார்க்குறீங்களா?”

அவர் சலூன் பெட்டியின் பின்பலகையைப் பெட்டிக்காரரின் பின்பலகைமேல் வைத்து, நான்கு ஓரத்தையும் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“வாயாடி, உள்ளே என்ன அடைச்சிருக்குன்னு பார்.”

ஸ்பீக்கர் பெட்டிக்குள் சத்தம் எதிரொலிக்காமல் இருக்கப் பஞ்சு அடைப்பார்கள். பெட்டிக்காரர் பழைய தலையணைப் பஞ்சைத்தான் அடைப்பார். இந்தப் பெட்டிக்குள் பஞ்சு இல்லை, துணி. வெளிறிய பச்சை நிறத் துண்டுகள். ஒரு பிடி எடுத்து மேஜைமேல் உதறினேன். எல்லாம் ஒரே வடிவம். பாதியாக வெட்டிய தோசை மாதிரி அரை வட்டங்கள்.

“அரை வட்டமாவே வெட்டி அடைக்கணும்னு சாஸ்திரமா?” என்றார் பாஸ்.

எனக்கு அடக்க முடியவில்லை. இந்த ஆள் மூன்று கொலை கேஸைத் துப்புத் துலக்கியவர். ஒரு ரவிக்கை எப்படி உருவாகிறது என்று தெரியாது.

“சார், இது வெட்டி அடைச்சதில்லை. வெட்டினதுல மிஞ்சினது. துணியில தலை நுழையறதுக்குக் கழுத்து வெட்டுவாங்கள்ல, அப்ப விழற துண்டு. இவ்வளவு கழுத்து ஒரே பச்சைத் துணியில விழுந்திருக்குன்னா, இது வீட்டுத் தையல் இல்லை. ஆபரேஷன் பண்றப்ப போடுவாங்களே, அந்த அங்கி.”

பாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை முழுசாகப் பார்த்தார்.

“உனக்குச் சம்பளம் கொடுக்கறதுல தப்பில்லை.”

“அதைக் கொடுத்துட்டுச் சொன்னா நல்லா இருக்கும்.”

டீயோடு வந்த பெட்டிக்காரரிடம் பாஸ் எதுவும் சொல்லவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

“அவரைக் கண்டுபிடிச்சா என்ன சொல்லணும்?”

பெட்டிக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். யோசிக்கவே இல்லை. ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த பதில்.

“அன்னிக்கு நான் உடைச்ச பெட்டியை அப்புறம் ஒட்டிப் போட்டுக் கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் அன்னிக்கு வேற என்னவோ கோபம். இதை மட்டும் அவன்கிட்ட சொல்லிடணும் சார். அதுக்கப்புறம் அவன் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி.”

தெருவுக்கு வந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. அதுவே ஒரு அதிசயம்.

*

ஆஸ்பத்திரியின் ஸ்டோர் கீப்பர், ஜன்னலுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“ஆபரேஷன் அங்கி யார் தைச்சுத் தர்றாங்க?”

“எதுக்கு?”

“எங்க சாருக்கு ஒண்ணு தைக்கணும்” என்றேன்.

“டாக்டரா?”

“இல்லைங்க. ஆனா எல்லாரையும் அறுப்பார்.”

பாஸ் என் காலை மிதித்தார். ஸ்டோர் கீப்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்தவரிடம் விலாசம் வாங்குவது சுலபம். நாங்கள் காட்டிய பச்சைத் துண்டைத் தேய்த்துப் பார்த்து, இது எங்கள் துணிதான் என்றார். பஸ் நிலையத்துக்குப் பின்னால், பழைய அச்சகக் கட்டடத்தின் மாடியில் ஒரு தையல் யூனிட். அங்கேதான் எல்லா அங்கியும் தைக்கிறார்களாம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“சார், பையன் தையல்காரனாயிட்டான் போல. அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்வார்? காது இல்லைன்னு சொன்னார், ஊசிக்காதாவது கிடைச்சுதேன்னு...”

“வாயாடி.”

அவர் கூப்பிட்ட விதத்தில் நான் நிறுத்திவிட்டேன்.

“அந்தப் பெட்டியை அவன் செய்யலை.”

“பட்டை?”

“பெட்டிக்காரர் பட்டையைப் பார்த்தார். பலகையைப் பார்க்கலை. பார்க்க விருப்பமில்லை அவருக்கு. பலகை குட்டையா இருக்கிறதாலதான் பட்டையே. அப்ப அந்தப் பட்டையோட சேர்த்துக் காந்தத்துக்குப் பின்னால ஒரு விரல் இடம் வரணும். அவர் பெட்டியெல்லாம் அப்படித்தான் இருக்கு. இதுல மூணு விரல். பலகையே நீளம். அப்புறம் எதுக்குப் பட்டை? அது எதுக்குன்னே தெரியாம ஒட்டியிருக்காங்க. பையனுக்குத் தெரியும். சின்ன வயசுலேர்ந்து அந்த அளவுலேயே வளர்ந்தவன் அவன்.”

“அளவு தப்பிப்போயிருக்கலாமே? கை விட்டுப்போச்சுன்னு அவரே சொன்னாரே.”

“பலகையைப் பலகைமேல வச்சுப் பார்த்தேன். நாலு பக்கமும் சரியா ஒரு விரல் கூட. பக்கப் பலகையும் அதே மாதிரி முன்னால ஒரு விரல், பின்னால ஒரு விரல் கூடினதாலதான் அந்த ஒரு விரல் இடம் மூணாச்சு. அளவு தப்பினா ஒரு பக்கம் தப்பும், ரெண்டு பக்கம் தப்பும். நாலு பக்கமும் ஒரே மாதிரி தப்பினா அது தப்பில்லை. பழக்கம்.”

எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். என் மடியில் இருந்த பச்சைத் துண்டைப் பார்த்தேன்.

“தையலுக்கு விடற துணி” என்றேன். “தையல்காரங்க எதை வெட்டினாலும் சுத்தி ஒரு விரல் விட்டுத்தான் வெட்டுவாங்க. மடிச்சுத் தைக்கறதுக்கு.”

“ம்.”

“அப்ப பையன் செஞ்ச பெட்டி ஒண்ணைப் பிரிச்சு, துணி மேல வச்சு வெட்டற மாதிரி யாரோ வெட்டியிருக்காங்க. அப்ப பையன் எங்கே இருக்கான்னு அவங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்” என்றார் பாஸ். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. “எப்படிச் செய்யணும்னு பக்கத்துல இருந்து சொல்லிக்கொடுக்க அவன் இருந்திருந்தா, அந்த மூணு விரல் வந்திருக்காது.”

மிச்ச தூரம் முழுக்க ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

*

மாடி முழுக்கத் தையல் மிஷின்கள். ஒவ்வொரு மிஷினிலும் ஒரு பெண். அத்தனை மிஷின் இரைச்சலிலும் ஒரு பாட்டு கேட்டது. சுவரில் இரண்டு பெட்டிகள் மாட்டியிருந்தன. இரண்டுக்கும் பின்னால் பட்டை.

சூப்பர்வைசர் எங்களை மேலும் கீழும் பார்த்தாள். “அந்தப் பெட்டிங்களா? எங்க கட்டிங் மாஸ்டர் அக்கா செஞ்சது. வேலையை விட்டுப் போறவங்களுக்கு எல்லாம் ஒண்ணு செஞ்சு கொடுத்துடும். அதுல ஒருத்தி அதைப் பழைய சாமான் கடையில போட்டுட்டாளாம். அக்காவுக்கு இன்னும் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க.”

அறைக் கோடியில் நீள மேஜை. அதன் பின்னால் ஒரு பெண் பெரிய கத்திரியோடு நின்றாள். முப்பது வயதிருக்கும். அடுக்கிய பச்சைத் துணிமேல் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே ஆணிகளில் பழுப்புக் காகித அச்சுகள் தொங்கின. அதை வைத்துத்தான் துணி வெட்டுவார்கள். கை ஒன்று, முன்பக்கம் ஒன்று, முதுகு ஒன்று. கடைசி ஆணியில் ஒன்று சதுரமாக, நடுவில் பெரிய வட்ட ஓட்டையோடு.

“அக்கா, இது எந்த உடம்புக்கு அளவெடுத்தது?” என்றேன்.

அவள் திரும்பி அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு எங்களை. வெட்கத்தோடு லேசாகச் சிரித்தாள்.

“அது ஸ்பீக்கர் பெட்டிக்கு. சும்மா பொழுதுபோக்கு.”

“ஓட்டையைச் சுத்தியும் ஒரு விரல் விட்டீங்களா?” என்றார் பாஸ்.

“முதல் தடவை விட்டுட்டேன். கழுத்துக்கு விடற மாதிரி உள்பக்கமா விட்டதுல ஸ்பீக்கர் உள்ளேயே போகலை. அராவி அராவிக் கையெல்லாம் போச்சு. அதுக்கப்புறம் ஓட்டைக்கு மட்டும் விடறதில்லை.” சொல்லிவிட்டுத்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. “நீங்க யாரு?”

பாஸ் பச்சைத் துண்டை மேஜைமேல் வைத்தார். பெட்டிக்காரர் அனுப்பினார் என்றார். பையனைத் தேடுகிறார் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கத்திரியை அவள் மெதுவாகக் கீழே வைத்தாள்.

“தேடறாரா?”

“ஆமாம்மா.”

“இப்பவா?”

அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் முழுசாகக் கேட்டாக வேண்டும். எங்கள் தொழில் அப்படி.

அவள் பின்னால் இருந்த துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். அவன் இங்கே மிஷின் ரிப்பேர் பார்க்க வந்தவன். அப்படித்தான் பழக்கம். கல்யாணம் செய்துகொண்டு பக்கத்துத் தெருவில் குடியிருந்தார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மஞ்சள் காமாலை. சாதாரணச் சோர்வு என்று விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நேரம் கடந்துவிட்டது.

“எனக்குன்னு ஒரு ஜோடிப் பெட்டி செஞ்சு கொடுத்திருந்தார். அவர் போனப்புறம் அதுல ஒண்ணு கிர்ருன்னுச்சு. என்னன்னு பார்க்கப் பிரிச்சேன். உள்ளே மூலையில எல்லாம் பசை தடவியிருந்தார்ல, அதுல அவர் விரல் ரேகை அப்படியே காய்ஞ்சு நிக்குது. அதை மறுபடி மூட எனக்கு மனசு வரலை. அதைப் பக்கத்துல வச்சுப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி இன்னொண்ணு வெட்டினேன். அப்புறம் இன்னொண்ணு. செஞ்சிட்டிருக்கறப்ப அவர் பக்கத்து ரூம்ல இருக்கற மாதிரி இருக்கும்.”

நான் சுவரில் இருந்த பெட்டிகளைப் பார்த்தேன்.

“பட்டை எதுக்குன்னு தெரியுமா?” என்று கேட்டார் பாஸ்.

“தெரியாது. ‘அது எங்க அப்பா பட்டை’ன்னு சொல்வார். அதனால விடாம ஒட்டறேன்.”

“அப்பாவைப் பத்தி வேற என்ன சொல்வார்?”

“கோபக்காரர்னு சொல்வார். ஆனா அவர் மாதிரி காது யாருக்கும் கிடையாதுன்னும் சொல்வார். ஒரு நல்ல ஜோடி செஞ்சுக்கிட்டுத்தான் போய் அவர் முன்னாடி நிக்கணும்னு இருந்தார். ஒவ்வொரு ஜோடியும் முடிச்சுட்டு, ‘இது வேணாம், அடுத்தது’ம்பார்.”

பாஸ் கண்ணாடியைக் கழற்றினார். “ஒண்ணு கேக்கறேம்மா. தப்பா நினைக்காதே. பெத்தவருக்கு ஏன் சொல்லலை?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நகத்தில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்தாள்.

“சொன்னேன் சார். சொல்லப் பார்த்தேன். அவர் போன அன்னிக்கே போன் பண்ணேன். அவர் போன்ல அப்பான்னு நம்பர் இருந்துச்சு. ‘உங்க பையன்’னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள அந்தப் பக்கம், ‘எனக்குப் பையனே கிடையாது, வை போனை’ன்னு கட் பண்ணிட்டார். மறுபடி பண்ணத் தைரியம் வரலை. சாயங்காலத்துக்குள்ள எடுக்கணும்னு எல்லாரும் அவசரப்படுத்தினாங்க. மறுநாள் வரைக்கும் வச்சுப் பார்த்தேன். யாரும் வரலை.”

சுவரில் பாட்டு மாறியது. ஒரு மிஷின் நின்று மறுபடி ஓடியது.

எனக்குப் பெட்டிக்காரர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அடுத்த நிமிஷமே அது எங்கே போனதென்று தெரியவில்லை. பையன் இருக்கிறான் என்று ஊரோடு சண்டை போட்ட மனிதர் அவர். அந்த ஒரு போனை அவர் தன்னிடமிருந்தே ஒளித்து வைத்திருக்கிறார்.

“நாங்க போய்ச் சொல்லியாகணும்மா” என்றார் பாஸ்.

“நானும் வர்றேன்” என்றாள் அவள். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா போன் விஷயத்தை மட்டும் சொல்லாதீங்க. விலாசம் தெரியலை, அதனால சொல்ல முடியலைன்னு சொல்லிடுவோம். பையன் போனதே போதும் அவருக்கு. இதையும் சேர்த்து அவர் தலையில வைக்கணுமா?”

பாஸ் என்னைப் பார்த்தார். உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. அதில் பாதியை விழுங்குவது அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

“அவங்க வீட்டு விஷயம் சார்” என்றேன். “அவங்க சொல்றபடி செய்வோம்.”

அவர் சரி என்று தலையாட்டினார்.

*

பெட்டிக்காரர் பனியனோடு பின்னறையில் உட்கார்ந்து, ஒரு ஸ்பீக்கருக்கு ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ரேடியோ மெல்லிசாகப் பாடிக்கொண்டிருந்தது. மரத்தூளைப் பெருக்கியிருந்தார். வராத ஒருவன் உட்கார ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தார்.

எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்தது. எங்கள் பின்னால் வாசலைப் பார்த்தார். அங்கே நின்றவளைப் பார்த்தார். அவளுக்கும் பின்னால் பார்த்தார். அங்கே தெருதான் இருந்தது.

“கண்டுபிடிச்சுட்டோம் ஐயா” என்று பாஸ் ஆரம்பித்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. எத்தனையோ பேரை எத்தனையோ கேள்வியால் மடக்கியவர், ஒரு சின்ன வாக்கியத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்.

அவள் எங்களைத் தாண்டி ஒரு அடி முன்னால் வந்தாள்.

“மாமா” என்றாள். “நான் உங்க பையனோட...”

பெட்டிக்காரர் கையில் இருந்த சால்டரிங் கோல் நின்றது. தலையைச் சாய்த்தார். சலூன் பெட்டியைக் கேட்ட அதே சாய்வு. அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. குரலைத்தான் கேட்டார்.

“அன்னிக்குப் போன்ல பேசினது நீதானேம்மா?”

நான் பாஸைப் பார்த்தேன்.

“இல்ல மாமா” என்றாள் அவள் உடனே. “நான் பேசினதே இல்லை. எனக்கு நம்பரே தெரியாது. விலாசம் தெரியாமத்தான் இத்தனை நாள்...”

“எனக்காகப் பொய் சொல்லாதே.” அவர் குரலில் கோபம் இல்லை. “எனக்கு வேற எதுவும் தெரியாதும்மா. குரல் தெரியும். அன்னிக்கு வச்சதுலேர்ந்து தினமும் கேட்டுட்டுத்தான் இருக்கேன். வேற எதுக்கோ பண்ணியிருப்பா, கடன் கேட்டிருப்பான், சமாதானம் பேசச் சொல்லியிருப்பான், அப்படின்னு நானே சொல்லிச் சொல்லி வச்சிருந்தேன்.”

சால்டரிங் கோலை அதன் கம்பித் தாங்கியில் வைத்தார். ரேடியோவை அணைத்தார். அறை சுத்தமாக அடங்கியது. நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, தான் வெறுந்தரையிலேயே உட்கார்ந்தார்.

“நான் குறுக்கே பேசிட்டேன். நீ சொல்ல வந்ததை முழுசாச் சொல்லு. அன்னிக்கு எப்படிச் சொல்லியிருப்பியோ, அப்படியே சொல்லு.”

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

“உங்க பையன்” என்று அவள் ஆரம்பித்தாள். அங்கே நிறுத்தினாள்.

அவர் காத்திருந்தார்.

“உங்க பையன் இன்னிக்குக் காலையில தவறிட்டார் மாமா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டு வந்துட்டோம். நாளைக்குத்தான் எடுக்கறோம். நீங்க வந்துடுங்க.”

“வர்றேம்மா” என்றார் பெட்டிக்காரர்.

எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.